முதிர்ப்புத் தூது

மூன்று நாளாகப் புழுக்கள் தின்றதை அப்படியே வெளியே தள்ளின. முன்பக்கம் போன வாழைத்தோல் பின்பக்கமும் வாழைத்தோலாகவே வந்தது. சென்னையின் குப்பையையெல்லாம் தின்று மண்ணாக்கும் புழுச்சாலைக்கு இதைவிட மானக்கேடு உண்டா?

"எடை எப்படி ஏறியிருக்கு பாத்தியா!" என்றார் மேலாளர் வைகுந்தன். ஒவ்வொரு புழுவும் முழங்கை நீளத்துக்குக் கொழுகொழுவென்று கிடந்தது.

"வீங்கிக் கெடக்குது சார். எடைய உடுங்க, அது போட்டிருக்கிற சாணிய பாருங்க," என்றாள் தீவனம் கலக்கும் ஜெசிந்தா.

விஷயம் ஒன்றும் சிக்கலானதல்ல. குப்பையைச் செரிக்கும் குடலணுக்கள் நான்கே நாளில் தேய்ந்து உதிர்ந்துவிடும். அந்த இடத்தை நிரப்பக் குடற்சுவரில் குருத்தணுக்கள் காத்திருக்கும். அவற்றைப் 'பெருகு' என்று ஏவ ஒரு புரதத்துணுக்கு; 'போதும், முதிர்ந்து வேலையில் இறங்கு' என்று ஏவ இன்னொன்று. முதலாவது பெருக்குத் தூது, அடுத்தது முதிர்ப்புத் தூது. இரண்டாவதற்கு விலை அதிகம் என்று பத்து நாளுக்கு முன் வைகுந்தன் அதைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டார். தீவனத்தில் முதலாவது மட்டும்தான் போயிற்று. குருத்தணுக்கள் பெருகின, பெருகிக்கொண்டே இருந்தன. ஒன்றாவது செரிக்கும் அணுவாக மாறவேண்டுமே!

ஜெசிந்தாவுக்கு இது புத்தகம் படித்துப் புரியவேண்டிய விஷயமில்லை. அவளே பதினோரு வருடமாகப் பயிலுநர். ஒவ்வொரு முறையும் பதினோரு மாதம் முடிந்ததும் ஒரு நாள் வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்து, மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு வருடம் தொடர்ந்தால் நிரந்தரமாக்கியாக வேண்டும். புழுவிடமும் அதே திருட்டுப் புத்தியைக் காட்டுகிறார்களே என்று அவளுக்கு வயிறெரிந்தது.

அன்று மதியம் ஒன்றாம் தொட்டியில் புழுக்கள் சாகத் தொடங்கின. வயிறு நிறையத் தீனியோடு பட்டினிச் சாவு. வைகுந்தன் ஒரு காகிதத்தை நீட்டினார். தீவனக் கலவையில் தவறு செய்தது பயிலுநர் ஜெசிந்தா என்று அதில் இருந்தது.

"கையெழுத்துப் போடு. அடுத்த வாரம் உன்னை மறுபடி சேர்க்கணுமில்ல?"

"போட மாட்டேன். கலக்கச் சொன்னது நீங்க. மொதல்ல பெட்டகத்தைத் தொறங்க சார். இப்பவே குடுத்தா பாதியாவது பொழைக்கும்."

வைகுந்தனின் முகம் வெளுத்தது. முதிர்ப்புத் தூது வெளியே கசிந்தால் தேனீக்களின் குஞ்சுப்புழுக்கள் வளருமுன்னே முதிர்ந்து செத்துப்போகும். ஆகவே நிரந்தரப் பணியாளரின் உள்ளங்கை பட்டால்தான் பெட்டகம் திறக்கும். அது சட்டம். கடைசி நிரந்தரப் பணியாளரும் போன வாரம் ஓய்வு பெற்றுவிட்டார்.

"அப்ப உங்க கைய வைங்க."

"நானும் ஒப்பந்தம்தாம்மா." பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவர் வாயிலிருந்து 'அம்மா' வந்தது.

தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டார்கள். ஜெசிந்தாவை உடனே நிரந்தரமாக்கிவிடலாம் என்று அங்கே சம்மதித்தார்கள். அந்த ஆணையில் கையெழுத்துப் போட மட்டும் நிரந்தர அதிகாரி ஒருவர் தேவைப்பட்டார். மேலிருந்து கீழ்வரை தேடிப் பார்த்தார்கள். நிறுவனம் முழுவதிலும் அப்படி ஒரு ஆள்கூட இல்லை.

 ஜெசிந்தா தொட்டி கிளறும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பெட்டகத்தை நோக்கி நடந்தாள்.

"ஒடைக்காதம்மா! வேலை போயிடும்!" என்று வைகுந்தன் பின்னாலேயே ஓடிவந்தார்.

"வந்தாத்தான சார் போறதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் ஓங்கி ஒன்று போட்டாள்.