ஜீவிய காலம்வரை

காலையில் துவைத்து விரித்த விரிப்பு மாலையில் மறுபடியும் நனைந்திருந்தது. அப்பா சத்தியநேசனை வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் நின்ற விளையிலேயே அடக்கம் செய்தாயிற்று. ஆனாலும் அவர் கிடந்த கட்டிலின் நடுவில் மூத்திர வாடையும் தைல நெடியும் புதிதாக எழுந்தன. கூரை ஒழுகியிருக்கும் என்று லீலாபாய் அண்ணாந்து பார்த்தாள். ஓடு காய்ந்திருந்தது.

வீடும் விளையும் இப்போது அவளுடையவை. படுக்கையில் விழுந்த அப்பாவுக்குப் பீ மூத்திரம் அள்ளியதென்னவோ தங்கை ஜெப்சிதான். கண் திறந்தால் அவர் தேடியதும் அவளைத்தான். அதைப் பார்த்துப் பார்த்தே லீலாபாய்க்கு வயிறு எரிந்தது. இல்லாத பழியெல்லாம் சொல்லி ஜெப்சியை அஞ்சுகிராமத்துக்கு, புருஷன் வீட்டுக்கு விரட்டிவிட்டு, அப்பா கண்மூடும் முன்பே உயில் எழுதப் பத்திர எழுத்தர் மத்தியாஸைக் கூட்டிவந்தாள்.

“‘என் ஜீவிய காலம்வரை என்னைப் பார்க்கும் மகள் லீலாபாய்க்கு, தவறினால் ஜெப்சிக்கு.’ இப்பிடிப் போடட்டா?” என்று கேட்டார் மத்தியாஸ்.

“ஜீவிய காலம்வரைன்னு என்னத்துக்கு? ‘அப்பா செத்தாச்சு, ஒனக்க உரிமையும் தீந்து’ன்னு நாளைக்கி அவ வந்து நிப்பா. எப்பமும்னு எழுதும்.”

“எப்பமும்னா, செத்த பெறவுமா?”

“எழுதும்னா எழுதும்.”

அப்பா அவளையே பார்த்துக்கொண்டு கைநாட்டு வைத்தார்.

இப்போது மழை இருட்டிக்கொண்டு வந்தது. கரண்டும் போனது. ரப்பர் இலைகளின் சலசலப்பு திடீரென்று ஓய்ந்தபோது, அப்பாவின் அறைக்குள் கட்டில் சட்டம் முனகுவதும், புரள முயன்று முடியாமல் யாரோ பெருமூச்சு விடுவதும், சளி கட்டிய தொண்டை செருமுவதும் ஒவ்வொன்றாகக் கேட்டன. லீலாபாய் வாசலுக்கு ஓடினாள்.

தவறினால் ஜெப்சிக்கு.

கால் நின்றுவிட்டது.

“ஜெப்சீ...” உள்ளே அப்பாவின் குரல். “ஏட்டி, ஜெப்சீ...”

செத்தும் அவளைத்தானா! பயம் போன இடம் தெரியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“அவ இல்ல. நான்தான் இருக்கேன். நான்தான் பாப்பேன்!”

இருட்டு. ஈரம். மண் வாடை.

குளிர்ந்த விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின.

“சரி மக்கா. கொஞ்சம் திருப்பிப் போடு.”

கை கொடுத்தாள். புரட்டினாள். முதுகுத் தோல் முழுசாக அவள் உள்ளங்கையோடு வந்தது.

“மெல்ல ஏட்டி,” என்றார் அப்பா. “அவசரம் ஒண்ணும் இல்ல.”