பன்னங்கூடாரத்தில் விட்ட பிள்ளை

முனகல் கேட்கவில்லை. பன்னம் எனும் பெரணிச் செடிகள் வளர்க்கும் பச்சை வலைக்கூடாரத்தை நெருங்கும்போதே வதனிக்கு அது உறைத்தது.

ஆர்த்திகா பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் தேன்கூட்டுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரே சுருதியில் முனகுவாள். கடைவாயில் எச்சில் வழியும். வதனியின் கணவனுடைய அக்கா மகள். "இவளும் ஒருக்கா மரஞ்செடியப் பாக்கட்டும் வதனி" என்று மச்சாள் கேட்டபோது மறுக்க முடியவில்லை. தன் மகள் லதுஷாவோடு அவளையும் கல்லடியிலிருந்து, வாவிக்கு மேற்கே உள்ள அந்தப் பெரிய தாவரவியல் பூங்காவுக்கு ஓட்டோவில் கூட்டி வந்திருந்தாள்.

அல்லிக்குளத்தடியில் லதுஷாவின் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் நின்றார்கள். அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் வதனி ஆர்த்திகாவை இந்தக் கூடாரத்துக்குள் இழுத்து வந்து, சீமெந்து வாங்கில் இருத்தி, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். வேறு யாரும் கூட வரவில்லையா என்று ஒருத்தி கேட்டாள். மகளும் நானும்தான் என்று வதனி சிரித்தாள். லதுஷா தாயை நிமிர்ந்து பார்த்தாள். படம் எடுத்தார்கள், ஐஸ்கிறீம் குடித்தார்கள், பேச்சு நீண்டது. வெயில் சாய்ந்த பிறகுதான் வதனிக்குக் கூடாரத்தில் விட்ட பிள்ளையின் நினைவு வந்தது.

கூடாரத்துக்குள் ஈரமண்ணும் அழுகிய இலையும் கலந்த வாசம் மூச்சை அடைத்தது. வலை வழியே வடிந்த வெளிச்சம் எல்லாவற்றையும் குளத்தடிப் பாசிபோல ஆக்கியிருக்க, எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருக்க, காற்றே இல்லாமல் பன்னங்களின் சுருண்ட நுனிகள் மட்டும் மெல்ல அவிழ்ந்துகொண்டிருந்தன.

ஆர்த்திகா இருத்திய இடத்திலேயே இருந்தாள். முதுகு நிமிர்ந்து. கைகள் மடியில். கடைவாய் உலர்ந்து.

"போவமா மாமி?" என்றாள்.

லதுஷா தாயின் சேலைக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"அம்மா, இது ஆர்த்தி இல்ல."

"பேசாம வா" என்றாள் வதனி. வாங்கிலிருந்த பிள்ளை நீட்டிய கையைப் பிடித்தாள். தண்ணீரிலிருந்து அப்போதுதான் பிடுங்கிய அல்லித்தண்டுபோல அது குளிர்ந்திருந்தது. எலும்பு தட்டுப்படவில்லை.

வாசலில் காவலாளி கேற்றின் ஒரு பக்கத்தைச் சாத்தியிருந்தார். அந்தத் தாய்மாரும் அங்கேதான் ஓட்டோவுக்கு நின்றார்கள். நிமிர்ந்து நடந்து வந்த பிள்ளையை, பிறகு வந்து சேர்ந்த சொந்தக்காரப் பிள்ளை என்று எண்ணிச் சிரித்தார்கள். அப்போது கேட்டது. பூங்காவின் ஆழத்திலிருந்து, மரங்களுக்கெல்லாம் அப்பாலிருந்து, அந்த ஒரே சுருதி. விட்டுவிட்டு. அழுவதுபோல.

காவலாளிக்கும் கேட்டிருக்க வேண்டும். காதைச் சாய்த்தார்.

"உள்ளுக்க வேற புள்ளையள் ஆரும் நிக்கிதுகளா தங்கச்சி?"

தாய்மார் திரும்பிப் பார்த்தார்கள். நிற்கிறாள் என்றால் யார் என்று கேட்பார்கள். ஏன் ஒளித்தாய் என்று கேட்பார்கள். வதனியின் முகம் பற்றி எரிந்தது.

"இல்ல" என்றாள். "நாங்க எல்லாரும் வந்திட்டம்."

கேற் மூடியது. வாவிப் பாலம் கடக்கும்வரை அவள் தலை நிமிரவில்லை.

வீட்டு வாசலில் "அம்மா, பசிக்குது" என்ற குரலைக் கேட்டதும் மச்சாள் அப்படியே நிலத்தில் சரிந்துவிட்டாள். பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். வதனியின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். நீ கூட்டிப்போன புண்ணியம்தான் இது என்றாள். கையை இழுத்துக்கொள்ளக்கூட வதனிக்குத் தைரியம் வரவில்லை.

மச்சாள் சோற்றையும் மீன் குழம்பையும் பிசைந்து, கண்ணீர் மறைக்க, தடவித் தடவி ஊட்டினாள். பிள்ளை வாயைத் திறந்தாள். மச்சாளின் பின்னால் நின்ற வதனி மட்டும் பார்த்தாள்.

நாக்கு இல்லை. அந்த இடத்தில் தொண்டைவரை வெள்ளை வேர்கள். மெல்லியவை. ஈரமானவை. அவை ஒவ்வொன்றாக நீண்டு, சோற்றைச் சுற்றி, மச்சாளின் விரல்களையும் சுற்றின.

"பாரு வதனி," மச்சாள் அழுதுகொண்டே சிரித்தாள், "கைய விடுறாளே இல்ல."