இன்னொன்று உள்ளே இருக்கிறது

காலை எட்டரைக்கு வழக்கம்போல நர்ஸ் சிகிச்சை அறையைத் திறந்தாள். ஜன்னலைத் தள்ளிவிட்டு, நோயாளிகள் படுக்கும் கட்டிலில் புதுத் தாளை விரித்தாள். ஸ்பிரிட் வாடைக்கு அடியில் லேசாகச் சீழ் வாடை வந்தது. குப்பை வாளியைத் திறந்து பார்த்தாள். காலியாக இருந்தது.

பதினோரு மணிக்கு விசாரணை. வேலை நிலைக்குமா போகுமா என்பது அதில் தெரிந்துவிடும்.

போன மாதம் ஒரு தையல்காரர் இடுப்பில் கட்டி அறுத்துக்கொண்டு இங்கே வந்துபோனார். ஆழமான புண். அதற்குள் நாடா போன்ற காஸ் துணியைத் திணிப்பார்கள். எத்தனை துண்டு என்று நோட்டில் எழுதிவைத்தால்தான் அடுத்து எடுப்பவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை திணித்தவள் இவளுடைய அண்ணி. இதே அறையின் மூத்த நர்ஸ். எண்ணிக்கையை எழுதாமலே போய்விட்டாள். திங்கட்கிழமை இவள் போன் செய்து கேட்டபோது, ஒன்றுதான் என்றாள். இவளும் ஒன்றை எடுத்துவிட்டுக் கட்டுப் போட்டாள். ஒன்பதாம் நாள் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொரு துண்டு உள்ளே அழுகிக் கிடந்ததாம்.

இப்போது நோட்டில் 'இரண்டு' என்று இருக்கிறது. பயத்தில் பிறகு எழுதிவிட்டேன், விசாரணையில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்று அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவளும் உருகிப்போனாள். சொந்த அண்ணன் பெண்டாட்டி கழுத்தை அறுப்பாள் என்று யார்தான் நினைப்பார்கள்?

திரைக்குப் பின்னால் தாள் சரசரத்தது.

வாசல் வழியாக யாரும் வரவில்லை.

திரையை விலக்கினாள். தையல்காரர் ஒருக்களித்துப் படுத்து, சட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"இன்னொண்ணு உள்ளயே இருக்கு, சிஸ்டர்."

இவள் திரையைப் பிடித்தபடியே பின்னால் நகர்ந்தாள். அந்த நேரத்தில் அண்ணி உள்ளே வந்தாள். அப்பாடா என்றிருந்தது. கட்டிலைப் பார்க்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வந்துட்டாரா?" என்றாள் மெல்ல. "பத்து நாளா எங்கிட்டதான் வந்துட்டிருந்தாரு. எடுக்க வேண்டியவ நீதான்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"அப்போ விசாரணையில?"

"அங்கயும் அதையேதான் சொல்லப்போறேன். உங்க அண்ணனும் அதுதான் சரின்னுட்டாரு."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

இவளுக்குப் பயம் விட்டுப்போய் வயிறு எரிந்தது. அண்ணனுமா? பழியைத் தலையில் கட்டியது போதாதென்று செத்தவரையும் அல்லவா கட்டிவிட்டுப் போகிறார்கள்! கட்டிலில் கிடந்தவர் பொறுமையாகக் காத்திருந்தார். அவரிடம் கோபப்பட என்ன இருக்கிறது? கையுறையை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் காஸின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

வெதுவெதுப்பாக வந்தது. ஒரு முழம். இரண்டு முழம். தட்டு நிரம்பித் தரையில் சரிந்தது.

"அவங்க ரெண்டுதான்னு சொன்னாங்களே," என்றார் தையல்காரர்.

மணி பதினொன்று. ஆயா கதவைத் தட்டி, பெரியவர்கள் கூப்பிடுகிறார்கள், அண்ணி ஏற்கெனவே உள்ளே பேசிக்கொண்டிருக்கிறாள் என்றாள். நர்ஸ் இடுக்கியைக் கீழே வைக்கப் போனாள்.

மணிக்கட்டின் மேல் ஒரு கை விழுந்தது. ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

"நீங்களாவது பாதியில விட்டுட்டுப் போயிடாதீங்க, சிஸ்டர்."

துணி வந்துகொண்டே இருந்தது.