பெயர் சொல்லாத சாமி

எழுமலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது உச்சிவெயில். என் தங்கை முனீஸ்வரி வாசலிலேயே நின்று, "வாண்ணே" என்று சிரித்தாள். சந்தோஷப்பட வேண்டியவன்தான் நான். ஆனால் அவள் வாயைத் திறந்ததும் அடித்த கவிச்சியில் ஓர் எட்டு பின்வாங்கினேன்.

கிணறு வற்றி, இரண்டு வருடம் பருத்தி கருகியதில் பூச்சிமருந்துப் புட்டியைக் கையில் எடுத்தவள் அவள். போன மாசம் கருப்பசாமி கோயில் கிடாவெட்டில் அவள்மேல் சாமி இறங்கியது. "வந்திருக்கிறது யாரு?" என்று கேட்டு, அது பெயர் சொன்ன பிறகுதான் ரத்தம் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. அவள் புருஷன் வெள்ளைத்துரைக்கு விடிவுகாலம் பிறக்கவேண்டும் என்ற அவசரம். பெயரைக் கேட்காமலே ரத்தச் சட்டியை நீட்டிவிட்டான்.

குடித்தது இன்னும் அவளை விட்டு மலையேறவில்லை.

எனக்குச் சோறு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் தட்டில் ஆட்டுக்குடல். வேகவைக்காத, கழுவாத குடல். புழுக்கை பிதுங்கப் பிதுங்க மென்றாள். தாடையில் பச்சைநீர் வழிந்தது. உதட்டில் மொய்த்த ஈயைக்கூட விரட்டவில்லை.

கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

வெள்ளைத்துரை செம்பில் தண்ணீரோடு பின்னால் வந்தான். "மச்சான், பேரை மட்டும் கேட்றாதீக," என்று கிசுகிசுத்தான். "இப்பத்தான் ராத்திரியில நல்லாத் தூங்குறா. ரெண்டாள் வேலை பாக்குறா. அழுகையே இல்ல."

"த்தூ! அது முனீஸ்வரியா மாப்ள?"

அவன் செம்பை என் கையில் திணித்தான்.

கேட்டே தீருவது என்று உள்ளே போய் அவள் முன்னால் நின்றேன்.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"கேளேன்," என்றாள். "பேரச் சொன்னா நான் போயிருவேன். அப்புறம் அவ மருந்தத் தேடுவா. ராப்பகலா நீ வந்து காவல் இருப்பியா?"

பரவை மார்க்கெட்டில் ஒரு நாள் மூட்டை தூக்காவிட்டால் என் வீட்டிலும் அடுப்பு எரியாது.

நான் கேட்கவில்லை. அந்தக் கையாலேயே மறுசோறு போட்டாள். தின்றேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

இப்போது தினமும் போன் செய்கிறாள். "சாப்ட்டியாண்ணே?" என்று கலகலவென்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால், எங்கோ தூரத்திலிருந்து, அதே குரல் அழுகிறது.

"பேரைக் கேளுண்ணே... கேளுண்ணே..."

நான் போனை வைத்துவிடுகிறேன்.