சைபர் சொன்ன வாய்

படகு கரை தட்டியபோது காலை பத்து மணி. வெயில் சுள்ளென்று அடித்தது. பேய்க்கதை தொடங்குகிற நேரமா இது என்று கேட்காதீர்கள். பாங்வேலு சதுப்புத் தீவுகளில் எல்லாம் பட்டப்பகலில்தான் நடக்கிறது.

"பயிற்சியில கோழி போட்டாங்களா, வழக்கம்போல முட்டைக்கோஸுதானா சிஸ்டர்?" என்றான் துடுப்பு போட்ட கவோமா.

"கோழிதான். அது கறியா எலும்பான்னு தேடுறதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க."

சிரித்துக்கொண்டே இறங்கினாள் மலாமா. பத்து வருஷமாக அந்தத் தீவின் மருந்தகத்துக்கு ஒற்றை நர்ஸ் அவள். ஐந்து நாளும் நகரத்தில் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம். திங்கட்கிழமை மதியத்துக்குள் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டு, தொற்றுநோய்ப் பட்டியலை வரிசையாகப் படிக்க வேண்டும். காலரா எத்தனை, தட்டம்மை எத்தனை. யாருக்கும் இல்லையென்றால் சும்மா இருந்துவிடக் கூடாது, சைபர் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சைபரை நம்பித்தான் மாவட்டமே நிம்மதியாக இருக்கிறது.

கவோமா படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அப்புறம்தான் அவள் கரையைச் சரியாகப் பார்த்தாள். மீன் உலர்த்தும் தட்டிகள் காலி. ஒரு பெண்பிள்ளையைக்கூடக் காணோம். காற்றில் மீன் வாடையோடு இன்னொன்றும் வந்தது. அரிசி களைந்த தண்ணீர் புளித்துப்போன வாடை.



அந்த வாடை அவளுக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை முசோன்டா என்கிற மீன்காரி ஒரே இரவில் வாந்தியும் பேதியுமாகப் போய்ச் சேர்ந்தபோது அந்தக் குடிசையில் இதே வாடைதான். காலரா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சொன்னால் மாவட்டத்து ஆட்கள் வருவார்கள், மருந்தடித்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, யாரும் தொடாமல் புதைத்துவிட்டுப் போவார்கள். தீவிலோ இறந்தவளைச் சொந்தக்காரப் பெண்கள் கழுவித் துடைத்து அனுப்பாவிட்டால் அவளுக்குத் தூக்கம் கிடையாது.

முசோன்டாவின் அக்கா பூபே அன்று மலாமாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "என் தங்கச்சியக் குப்பை மாதிரி மூட்டை கட்ட விட்டுறாதீங்க சிஸ்டர்."

மலாமா கெட்டிக்காரி, ஆனால் மனசு இளகினவள். அந்த இளகின மனசுதான் குடி கெடுத்தது. போய்ப் பிணத்தின் நெற்றியில் கை வைத்து, "யார்கிட்டயும் சொல்லமாட்டேன் முசோன்டா, என் வாயால வராது" என்று சத்தியம் பண்ணினாள். நாலு பெண்கள் கழுவினார்கள். மறுநாள் போனில் "காலரா, சைபர்" என்றாள். கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டுப் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டாள்.

இப்போது மருந்தகத்துத் திண்ணையடியில் பூபே சுருண்டு கிடந்தாள். கண் குழிக்குள் போயிருந்தது.

"கழுவினதுல மூணு பேர் போயாச்சு சிஸ்டர். உள்ள போய்க் கசூபாவப் பாருங்க."

கசூபா முசோன்டாவின் மகள். ஒன்பது வயசு. மலாமா இந்தத் தீவுக்கு வந்த பிறகு தன் கையால் வெளியே எடுத்த முதல் குழந்தை. விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. கிள்ளின தோல் கிள்ளினபடி நின்றது. அலமாரியில் இருந்தது ஒரே ஒரு சலைன் பாட்டில். இவளுக்குக் குறைந்தது ஐந்து வேண்டும். மாவட்டத்து விசைப்படகு வந்தால் ஒன்றரை மணி நேரத்தில் பாட்டில் வரும். அது வர ஒரே ஒரு போன்தான் வேண்டும்.

ஊசியைக் குத்தி பாட்டிலை மாட்டிவிட்டு ஓடினாள். மருந்தகத்துக்குப் பின்னால் இருக்கிற கரையான் புற்றின் உச்சியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும்.

"சிலேஷே சார், மலாமா பேசுறேன். காலரா! நாலு சாவு, ரெண்டு பேர் படுக்கையில. படகு அனுப்புங்க!"

"ம்... காலரா சைபர்," என்றார் மாவட்ட அலுவலர். பேனா கீறும் சத்தம் கேட்டது. "அடுத்தது?"

"சைபர் இல்ல சார்! ஆறு! ஆறு பேர்!"

"காது நல்லாத்தான் கேக்குது. சைபர், சைபர்னு எதுக்கும்மா இப்படிக் கத்துற? தட்டம்மை?"

கத்தினாள். கெஞ்சினாள். சிலேஷே சிரித்தார். "ஒரு தடவை சொன்னா போதும்மா."

குறுஞ்செய்தி அடித்தாள். காலரா 6, படகு தேவை. அனுப்பினாள். அனுப்பிய பெட்டியில் போய் நின்றது: காலரா 0.

திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

மழை இல்லை. வானத்தில் மேகமே இல்லை.

இன்னொரு சொட்டு அவள் பிடரியில் விழுந்தது. வெதுவெதுப்பாக. பிணம் கழுவுகிற சோப்பின் வாசனை. காதுக்குப் பக்கத்தில் யாரோ ஈரமாக மூச்சு விட்டார்கள்.

"வாக்கு குடுத்தியே."

"முசோன்டா," என்றாள் மலாமா. "அது உன் புள்ளடி. உன் புள்ளைக்காகத்தான் கேக்குறேன்."

புற்று மண்ணில் ஈரக் கால்தடம் மட்டும் இருந்தது.

சத்தியம் பண்ணினது நான்தானே, பூபே இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. பூபேயை முதுகில் சுமந்து புற்றின் மேல் ஏற்றி, போனை வாயருகே பிடித்தாள். "சொல்லுங்கக்கா. காலரான்னு ஒரு வார்த்தை."

பூபே வாயைத் திறந்தாள்.

வந்தது மலாமாவின் குரல். "இங்க எல்லாரும் சௌக்கியம் சார். சைபர்."

பூபே மிரண்டுபோய்த் தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் பேசவே இல்லை. போனில் இருந்த கடைசிச் சார்ஜும் காலியானது.

பாட்டில் தீர்ந்தது. உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். உள்ளே போனதைவிட வெளியே வந்ததுதான் அதிகம். மூன்று மணிக்குக் கசூபா, "அம்மா வாசல்ல நிக்குறாங்க" என்றாள். அதோடு மூச்சு நின்றுபோனது. மலாமா அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

அழுகைச் சத்தம் கேட்டுத் தீவில் மிச்சமிருந்த பெண்கள் வந்தார்கள். ஆறு பேர். தலையில் பிணம் கழுவத் தண்ணீர்க் குடம், இடுப்பில் இழுத்துச் செருகிய சிட்டெங்கே துணி. இரண்டு பேர் முதுகில் கைக்குழந்தை.

மலாமா பாய்ந்து வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். 'கிட்ட வராதீங்க, இது காலரா, தொட்டா செத்துருவீங்க' என்று உயிரைக் கொடுத்துக் கத்தினாள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றது அவள் வாய். "சாதாரணக் காய்ச்சல். உள்ள வாங்க."

"பாவம் சிஸ்டர், தாங்க முடியல இவங்களுக்கு," என்றாள் முன்னால் நின்றவள். விரித்த கையை மெதுவாக மடக்கி, அவளை அணைத்துச் சுவரோரம் உட்கார வைத்தார்கள்.

மலாமா இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்தினாள்.

"குழந்தைங்களையும் இறக்கி விடுங்க," என்றது குரல், மூடிய விரல்களுக்கு வெளியே, ரொம்பப் பிரியமாக. "அதுங்களும் தொட்டுக் கும்பிடட்டும்."