சாப்பாட்டு நேரத்து ரேடியோ

அந்த வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ரேடியோ அலற வேண்டும். பாட்டோ, செய்தியோ, தைல விளம்பரமோ, எதுவானாலும் காது கிழிய வேண்டும். புகுந்த வீட்டுக்குக் குடிவந்த நாளே அவள் காரணம் கேட்டாள்.

"பழகிப்போச்சும்மா," என்றார் மாமனார். அதற்குமேல் அவர் வாயைக் கிளற முடியவில்லை.

நாத்தனார் அவளுக்கு வைத்த பெயர் மேனேஜரம்மா. அலமாரிச் சாவி முதல் மாமனாரின் மாத்திரை வரை அவள் சொன்ன இடத்தில்தான் இருக்கும். ஏலத்துக்குப் போக இருந்த வீட்டை மீட்டுத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவளும் அவள்தான். கணவன் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன். வீட்டை விற்கப்போவதாக அவள் சொன்னபோதும் தலையைத்தான் ஆட்டினான். நாத்தனார்தான் தட்டை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அதன்பிறகு எல்லோரும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்கள். அண்ணி என்ன, ஆசை என்ன! தேன் ஒழுகப் பேசும் நாத்தனாரை நம்ப அவள் என்ன பச்சைக் குழந்தையா?

மாடி மூலை அறையில் ஒருத்தியின் படம் மாட்டியிருந்தது. மாமனாருக்குப் பெரியம்மா முறை; மின்சாரம் வராத காலத்தில் இந்த வீட்டை ஆண்டவள். நோயில் விழுந்த பிறகும் படுத்தபடியே கைமணியை அடித்து, புருஷனையும் கொழுந்தன்மாரையும் ஓட ஓட விரட்டியவள். ஒரு மதியம் அவள் சாப்பிட்ட கஞ்சியில் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. விசாரணையில் வீட்டார் அத்தனை பேரும் ஒன்றையே சொன்னார்களாம்: "அவங்க மணி அடிக்கவே இல்ல. அடிச்சிருந்தா ஓடியிருப்போம்."

அத்தனை பேரும் அச்சுப் பிசகாமல் ஒன்றையே சொன்னதுதான் மருமகளுக்கு உறுத்தியது.

அன்று சூப் வைத்தது நாத்தனார். கிண்ணத்தை ஏந்திவந்து அவள் முன்னால் வைத்தது கணவன். இரண்டு வாய் குடித்தாள். அடிநாக்கில் ஏதோ கசந்தது. ரேடியோவில் யாரோ பல்பொடி விற்றுக்கொண்டிருந்தான். எரிச்சல் தாங்காமல் எழுந்து போய் அணைத்தாள்.

"அய்யோ, அணைக்காதீங்க அண்ணி!"

மாடியில் மணி அடித்தது.

மெல்லிய, பொறுமையிழந்த ஓசை. நின்றது. மறுபடி அடித்தது.

"மேல யாரு?"

யாரும் நிமிரவில்லை. மாமனார் தட்டையே பார்த்தபடி சோற்றைப் பிசைந்தார்.

"மாமா, உங்களைத்தான் கேக்கறேன்."

"உக்காரும்மா," என்றார் கிசுகிசுப்பாக. "நாங்க போறதில்ல. எங்க அப்பாவும் போனதில்ல."

கூப்பிட்டால் போகாமல் இருப்பது அவள் சுபாவத்தில் இல்லை. படியேறினாள். பாதிப் படியில் வயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் வலித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே மூலை அறைக்குள் நுழைந்தாள். ஆளில்லாமலே கிடந்த அறையில் புதிதாய்க் காய்ச்சிய கஞ்சியின் மணம் வீசியது.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு, செருப்பின் கிறீச் ஒலி படியிறங்கிப் போனது.

அந்தச் செருப்பை அவள்தான் வாங்கிக் கொடுத்திருந்தாள். கணவனுக்கு.

நாத்தனாரையே கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தவள், அவனை ஒருநாளும் சந்தேகித்ததில்லை. வயிற்று வலியைவிட அதுதான் அதிகம் வலித்தது.

"கதவைத் திறங்க!"

கீழே ரேடியோ அலறத் தொடங்கியது.

மூலையில் குனிந்து வாந்தி எடுத்தாள். கைபேசி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. ஜன்னல் மாடத்தில் அந்தக் கைமணி இருந்தது. எடுத்து வெறி பிடித்தவள்போல் ஆட்டினாள்.

சத்தமே வரவில்லை.

கவிழ்த்துப் பார்த்தாள். மணிக்கு நாக்கு இல்லை. கழன்று விழவில்லை, கொக்கியை அரம் வைத்து அறுத்திருந்தார்கள். படத்தில் இருந்தவள் மணி அடிக்கவே இல்லை என்று அத்தனை பேரும் சொன்னது பொய்யில்லை.

கீழே ரேடியோ பட்டென்று நின்றது.

தாழ்ப்பாள் மெதுவாக நகர்ந்தது. கதவு திறந்தது. வெளியே யாரும் இல்லை.

கைப்பிடியில் சாய்ந்து சாய்ந்து இறங்கினாள். மூவரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அண்ணனின் கிண்ணத்தையே பார்த்திருந்தாள். சூப்புக்குள் பச்சைக் களிம்பேறிய ஒரு வெண்கலத் துண்டு கிடந்தது. மேல்நுனியில் அறுத்த தடம்.

"நான் போடல," என்றான் கணவன். "சத்தியமா இதை நான் போடல."

மாடியில் மணி அடித்தது.

அவன் எழுந்தான். எழ விரும்பாதவன்போல் மேசையை இறுகப் பிடித்திருந்தான். விரல்கள் ஒவ்வொன்றாக விடுபட்டன. செருப்பு கிறீச்சிட, ஒரு வேலைக்காரனைப்போல் படியேறிப் போனான். அந்த மணிக்கு அந்த வீட்டில் பிறந்த ஒருவர் எழுந்து போவது இத்தனை காலத்துக்குப் பிறகு அன்றுதான்.

மேலே தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் கைபேசியை எடுத்துத் தனக்கு ஆம்புலன்ஸ் வரச் சொன்னாள். அதற்குள் மாடியிலிருந்து அவன் கத்தத் தொடங்கினான். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். மாமனாரின் கை தானாக ரேடியோவை நோக்கி நீண்டது.

"கையை எடு!"

மாமனார் வெலவெலத்துப் போனார். அவரை அவள் ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை.

"எல்லாரும் உக்காந்து கேளுங்க."

அது தன் வாயிலிருந்துதான் வந்தது. ஆனால் அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.