கழித்தல் தெரியாத கதவு

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் தலையில் மிச்சமிருக்கிற முடியின் மேல் ஆணை. மிச்சம் கொஞ்சம்தான் என்பதால் ஆணைக்கு வலு குறைந்துவிடாது.

ரப்பர் வெளியே போவதற்காகக் கதவில் அட்டையைத் தேய்த்தார். கதவு திறக்கவில்லை. அதற்கு மேலே இருந்த சின்னத் திரையில் ‘உள்ளே: 1’ என்றிருந்தது, ‘உள்ளே: 2’ ஆனது.

அறையில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

ஆபீஸில் அவருக்கு ரப்பர் என்று பெயர் விழுந்ததற்குக் காரணம் உண்டு. எது இடைஞ்சல் செய்தாலும் அழித்துவிடுவார். கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அந்தக் குளிர்ந்த அறையில், பழைய கணினியின் வருகைக் கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றுவது அவருடைய வேலை. யாராவது உள்ளே வந்தால் பழைய கணினி ஒன்று என்று எழுதும். வெளியே போனால் கழித்தல் ஒன்று. ஆனால் அது மகா கஞ்சன். கழித்தல் குறிக்குத் தனி இடம் தராமல் கடைசி இலக்கத்தின் வயிற்றுக்குள்ளேயே திணித்து வைத்திருந்தது. புதிய கணினிக்கு இந்தச் சூட்சுமம் தெரியாது. கழித்தல் ஒன்று வந்த இடத்திலெல்லாம் ‘ஜே’ என்ற ஆங்கில எழுத்தைக் காட்டியது. காலையிலிருந்து அந்த எழுத்து திரை முழுக்கத் தூண்டில் முள்ளாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“என்னய்யா இது, எண் இருக்கவேண்டிய இடத்துல எழுத்து?” என்று மேனேஜர் கேட்டார்.

“பழைய குப்பை சார். ஜே வந்தா ஒன்னுன்னு போட்டுக்கன்னு சொல்லிட்டேன்.”

“சரியா வருமா?”

“பிழைன்னு ஒரு வரிகூட வரலையே, பாருங்க!”

உண்மைதான், வரவில்லை. மேனேஜர் சந்தோஷமாகக் கதவையும் புதிய கணினியோடு இணைக்கச் சொல்லிவிட்டு மேலே போனார். மேலே வரவேற்பறையில் ரப்பரின் மகள் பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் லீவு. ‘இதோ வந்துடறேன் கண்ணு’ என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

இப்போது, அட்டை சரியாகப் படவில்லை போலும் என்று சட்டையில் துடைத்து மறுபடி தேய்த்தார். ‘உள்ளே: 3.’

குளிர்சாதனத்தின் உறுமல் ஒரு சுருதி ஏறியது. அறைக்குள் ஆள் கூடினால் அது அப்படித்தான் செய்யும். அதை அவரே எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். ஆனால் இந்த முறை உறுமலுக்கு அடியில் இன்னொரு சத்தம், மெதுவாக, மூக்கடைத்தவர் விடுகிற மூச்சைப் போல, லேசான விசிலோடு வந்துகொண்டிருந்தது; ரப்பருக்கு ஒரு வாரமாக ஜலதோஷம், அதே விசில் அவருக்கும் உண்டு. அவர் மூச்சை அடக்கினார். விசில் நிற்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குறியை அழித்தாயிற்று. இனி வெளியே போவது என்ற ஒன்றே இந்தக் கதவுக்குத் தெரியாது. போகிறேன் என்றாலும், வந்தேன் என்றுதான் எழுதும். எழுதிய கணக்குக்கு ஆள் வேண்டுமே?

ஜே என்றால் ஒன்று என்ற அந்த விதியைத் திருத்திவிடலாம், ஒரு நிமிஷ வேலை என்று மேசைப் பக்கம் திரும்பினார்.

நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. அவருடைய சட்டை. உச்சியில் சின்ன வழுக்கை. தனக்கு அங்கே வழுக்கை விழுந்திருப்பது ரப்பருக்கு அன்றுதான் தெரியும்.

கதவோரச் சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்தார்.

“சார், கதவு திறக்கல. சீக்கிரம் யாரையாவது அனுப்புங்க.”

“என்ன ரப்பர், விளையாடறியா? இப்பத்தானே பேசின? எல்லாம் சரியாயிடுச்சு, பாப்பாவைக் கீழே அனுப்புங்கன்னு நீதானய்யா சொன்ன? அனுப்பிட்டேன்.”

மேசையிலிருந்த இன்னொரு தொலைபேசியை யாரோ மெல்ல வைக்கும் ஓசை.

அதே நேரம் பழைய வருஷங்களின் கோப்பும் மாற்றி முடிந்தது. சின்னத் திரையில் எண்கள் கண் பிடிக்க முடியாத வேகத்தில் ஓடின. இத்தனை வருஷமும் சாயங்காலமானால் வீட்டுக்குக் கிளம்பிப் போன ரப்பர்கள் அத்தனை பேரும் உள்ளே வந்தார்கள். நனைந்த குடையின் வாடை. காய்ச்சலில் பூசிய தைலத்தின் நெடி. பாப்பா பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடியவரின் இரைப்பு, பிடரிக்குப் பின்னால், சூடாக. தோளில் தோள் உரசியது. அவர் திரும்பவில்லை. கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டார்.

கதவின் கண்ணாடிக் கீற்றில் மகள் தெரிந்தாள்.

கையில் படம். கழுத்தில் அட்டை. உள்ளே வருகிறவர்களுக்குக் கதவு தாராளமாகத் திறக்கும்.

“வராதே!” என்று கத்தினார். கண்ணாடி தடிமன். அவள் காதில் கைவைத்துக் காட்டினாள். கேக்கலையே அப்பா.

கைகளை ஆட்டினார். அவளும் ஆட்டினாள்.

அப்போது அவருக்குப் பின்னால், அறை நிறைய, ஒரே குரலாக, அவருடைய குரலில்:

“உள்ள வா கண்ணு.”

தன் வாயைத் தானே பொத்தினார். குரல் நிற்கவில்லை.

இது அவளுக்குக் கேட்டுவிட்டது. சிரித்தாள். எம்பி, அட்டையை நீட்டினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

அன்று சாயங்காலம் ரப்பர் மகளைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வழக்கம்போல வீட்டுக்குப் போனார். வாசல் காவலாளி வைத்த வணக்கத்துக்குப் பதில் வணக்கமும் வைத்தார். அந்த ரப்பரின் உச்சியில் வழுக்கை இல்லை என்பதைக் காவலாளி கவனிக்கவில்லை.